முன்சக்கர இயக்கக் கார்களும் டயர்களின் அகலமும்

மோட்டார் காரின் முழு எடையும் நான்கு சிறு பரப்புகளின் வழியாகவே சாலையின்மேல் தங்குகிறது. அவற்றுள் ஒவ்வொன்றும் மனிதனின் உள்ளங்கையளவே உள்ளது. வண்டியை ஓட்டுதல், திருப்புதல், நிறுத்துதல் ஆகிய மூன்று செயல்களும் இப்பரப்புகளில் எழும் உராய்வினால் நடைபெறுகின்றன. ஆதலின், முன்சக்கரங்களுக்கு எத்துணை அகலமான டயர், பின்சக்கரங்களுக்கு எத்துணை அகலமான டயர் என்பது வண்டியின் அழகைப் பற்றிய வினா அன்று. அதில் செல்வோரின் உயிரைப் பற்றிய வினாவாகும்.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸிடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களில் எஞ்சின் முன்னால் இருந்தபோதிலும் அதன் விசை பின்சக்கரங்களுக்கே சென்றது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னர், சிறு கார்களில் முன்சக்கர இயக்கம் பெருவழக்காயிற்று. இத்தகைய காரில் எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் முன்புறத்திலேயே அமைவதால், மொத்த எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு முன்சக்கரங்களைச் சாரும். வண்டியை இழுப்பவையும் திருப்புபவையும் அவையே. பிரேக் போடும்போது எடை மேலும் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் பணியிலும் பெரும்பங்கு அவற்றுக்கே உரியது.

இதனைக் கண்டோர் பலர், “உழைக்கும் சக்கரத்துக்கே நல்ல டயர்” என முடிவு செய்து, அகலமான அல்லது புதிய டயர்களை முன்னால் மட்டும் பொருத்துகின்றனர். இம்முடிவில் பாதி உண்மை இருக்கிறது. 1955இல் வெளிவந்த பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் டி.எஸ். காரில் முன்டயரின் அகலம் 165 மி.மீ. ஆகவும், பின்டயரின் அகலம் 155 மி.மீ. ஆகவும் இருந்தன. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பாண்டியாக் கிராண்ட் பிரீ ஜி.எக்ஸ்.பி. காரில் இவை முறையே 255, 225 மி.மீ. ஆகும். ஆயினும், இவ்வேறுபாடு வில், ரிம், பிரேக் முதலிய யாவற்றையும் ஒருங்கே கருதி அமைப்பாளரே வகுத்தது. ஏனைய முன்சக்கர இயக்கக் கார்களில் மிகப் பெரும்பாலானவை நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு டயருடனேயே வெளிவருகின்றன. இதன் காரணத்தை ஆராய்வோம்.

அகலமான டயர் சாலையை அதிகப் பரப்பில் தொடும் என்பது பொதுவான எண்ணம். 1,000 கிலோ எடையுள்ள காரில் முன்சக்கரம் ஒன்று 300 கிலோவைத் தாங்குவதாகக் கொள்வோம். டயரினுள் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ எனின், தொடும் பரப்பு ஏறத்தாழ 143 சதுர செ.மீ. ஆகும். 200 கிலோ தாங்கும் பின்சக்கரத்துக்கு அது 95 சதுர செ.மீ. இக்கணக்கில் டயரின் அகலம் இடம்பெறவே இல்லை. அழுத்தம் மாறாதவரை, அகலம் கூடினால் பரப்பின் வடிவமே பெரிதும் மாறுகிறது. அது குறுகிய நீளமும் மிகுந்த அகலமும் உடையதாகிறது. உலர்ந்த சாலையில், வளைவில் திரும்பும்போது இவ்வடிவம் பக்கவாட்டுப் பிடிப்பை உயர்த்தும். நீர் தேங்கிய சாலையிலோ, அகலமான டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால், அது விரைவில் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். நாசாவைச் சேர்ந்த ஹார்ன், டிரெஹர் ஆகியோர் 1963இல் வெளியிட்ட விதியின்படி, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தமுள்ள வழவழப்பான டயர் மணிக்குச் சுமார் 90 கி.மீ. வேகத்தில் மிதக்கக்கூடும்.

இனி, முன்டயர் வழுக்குவதற்கும் பின்டயர் வழுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். வளைவில் முன்டயர் பிடிப்பை இழந்தால், வண்டி விரும்பிய வளைவினின்று வெளிப்புறமாக விலகிச் செல்லும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால், பெரும்பாலும் பிடிப்பு மீளும். பின்டயர் பிடிப்பை இழந்தாலோ, வண்டியின் வால் வீசி, வண்டியே சுழன்றுவிடும். அப்பொழுது காலை எடுப்பதும் பிரேக் போடுவதும் எடையை முன்னே சாய்த்துப் பின்சக்கரங்களை மேலும் இலேசாக்கும். பயிற்சி மிக்க ஓட்டுநரும் இதனைத் திருத்துவது அரிது.

இதனை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். வழவழப்பான பலகை ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, பொம்மைக் கார் ஒன்றின் முன்சக்கரங்களை உருளாதவாறு ஒட்டுத்தாளால் கட்டி, முகம் கீழ்நோக்கி இருக்குமாறு விடுக. கார் நேராகச் சறுக்கி இறங்கும். பின்னர்ப் பின்சக்கரங்களை மட்டும் கட்டி விடுக. கார் பாதி வழியில் சுழன்று, வால் முன்னாக இறங்கும். உருளும் சக்கரம் பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்கும். சறுக்கும் சக்கரத்துக்கு அவ்வாற்றல் இல்லை. அம்பின் வாலில் கட்டிய இறகு அம்பை நேர்படுத்துவதுபோல, பின்சக்கரங்களின் பிடிப்பே வண்டியை நேர்வழியில் நிறுத்துகிறது.

இவற்றினின்று பெறப்படும் நடைமுறை விதிகள் வருமாறு:

1. அமைப்பாளர் வேறுவிதமாகக் குறித்திருந்தாலன்றி, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவும் ஒரே வகையுமான டயர்களையே பொருத்துக. அப்பொழுதுதான் விரைந்து தேயும் முன்டயர்களைப் பின்டயர்களுடன் இடமாற்றித் தேய்வைச் சமப்படுத்த இயலும்; முழு அளவிலான உதிரிச் சக்கரமும் எவ்விடத்துக்கும் பொருந்தும்.

2. இரண்டு டயர்கள் மட்டுமே வாங்க இயலுமாயின், புதியவற்றைப் பின்னால் பொருத்தி, பின்னாலிருந்த நல்ல டயர்களை முன்னால் மாற்றுக. வரிப்பள்ளங்களின் அடியிலுள்ள 1.6 மி.மீ. உயரத் தேய்வுக் குறிகளின் மட்டத்துக்குத் தேய்ந்த டயரை எவ்விடத்திலும் பயன்படுத்தலாகாது.

3. அகலத்தைக் கூட்ட விரும்பினால், நான்கிலும் ஒருங்கே கூட்டுக. விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்க. 185/65 ஆர் 15 என்னும் டயரில், 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 65 என்பது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது, 15 என்பது அங்குலக் கணக்கில் ரிம்மின் விட்டம். இதன் முழு விட்டம் 621.5 மி.மீ. அதற்கு மாறாக 205/65 ஆர் 15 பொருத்தினால், விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடும், வேகமானி 80 எனக் காட்டும்போது, முன்னிலும் நூற்றுக்கு 4 பங்கு மிகையாக வண்டி ஓடும். 205/60 ஆர் 15 எனின் 627 மி.மீ.; வேறுபாடு நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவு. புதிய அகலத்துக்கு ரிம் ஏற்றதா என்பதையும், சுமைக்குறியீடு பழையதினும் குறையாதிருப்பதையும் நோக்குக.

4. முன், பின் சக்கரங்களுக்குரிய காற்றழுத்தம் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அதனை அளக்க வேண்டும்.

மழைக்காலத்தில் பணியின் பொருட்டு நெடுந்தொலைவு செல்லும் களப்பணியாளர்கள், புறப்படுமுன் முன்டயர்களைப் பார்ப்பதுடன் நில்லாது, பின்டயர்களின் வரிப்பள்ளங்களையும் காற்றழுத்தத்தையும் தவறாது சோதித்தல் வேண்டும்.