கருங்கடலிலிருந்து கப்பலேறிய உளுவை

வட்ட உளுவை, ஆற்றிலும் கடலிலும் அடித்தரையை ஒட்டி வாழும் சிறு மீன். நியோகோபியஸ் மெலனோஸ்டோமஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இயற்கையியலாளர் பல்லாஸ் எழுதிய முதல் விவரிப்பு 1814-இல் வெளிவந்தது. கருங்கடல், அசோவ் கடல், காஸ்பியன் கடல் ஆகியவையும் அவற்றில் கலக்கும் ஆறுகளின் கீழ்ப்பகுதிகளும் இதன் தாயகம். தமிழ்நாட்டுக் குளங்களிலும் கழிமுகங்களிலும் அகப்படும் உளுவையும் இதே கோபி குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் ஊர் உளுவை தன் எல்லைக்குள் இருக்கிறது. கருங்கடல் உளுவையோ முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு கண்டங்களின் நீர்நிலைகளை மாற்றிவிட்டது.

பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கும் மீன் இது. சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், உருண்டைத் தலை, தவளையைப் போல் மேலே துருத்திய கண்கள், முதல் முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் தெளிவான ஒரு கரும்புள்ளி. இடுப்புத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து கிண்ணம் போலாகியிருக்கும். அதைக் கொண்டு ஓடும் நீரிலும் கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும். உடலை மிதக்கவைக்கும் காற்றுப்பை இதற்குக் கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் நெடுந்தூரம் நீந்தும் வழக்கமும் இல்லை; வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் சில சதுர மீட்டர் பரப்புக்குள்ளேயே காலத்தை ஓட்டிவிடும். இப்படிப்பட்ட மீன் அட்லாண்டிக்கின் அக்கரையில் தோன்றியதற்கு அதன் நீச்சல் திறமை காரணமாக இருக்க முடியாது.

1990-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் நடுவே ஓடும் செயின்ட் கிளேர் ஆற்றில் இது முதன்முதலாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் போலந்தின் கதான்ஸ்க் வளைகுடாவிலும் பிடிபட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நீர்ப்பரப்புகளில் ஒரே ஆண்டில் தலைகாட்டியதற்குக் கப்பல் போக்குவரத்தைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை.

சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல், சமநிலைக்காகத் துறைமுகத்து நீரைத் தன் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏறும்போது அந்தத் தண்ணீர் வெளியேற்றப்படும். பாலஸ்ட் தண்ணீர் எனப்படும் இதில் முட்டை, லார்வா, பாசி, கிருமி எல்லாம் பயணிக்கும். தரையில் கிடக்கும் மீன் எப்படி இந்தத் தொட்டிக்குள் போகிறது என்ற கேள்விக்குப் பின்னாளில்தான் விடை கிடைத்தது. பொரித்த சில நாட்களில் இதன் குஞ்சுகள் பகலில் அடியில் கிடக்கின்றன. இரவில் மேல்நீருக்கு ஏறி இரை தேடுகின்றன. இரவில் தண்ணீர் ஏற்றும் கப்பல் அவற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் பிழைப்பைக் கெடுக்கும் ‘காக்கா ஆழி’ என்ற தென் அமெரிக்க மட்டியும் கப்பல்கள் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது.

வந்து சேர்வது ஒன்று, வேரூன்றுவது வேறு. பாலஸ்ட் தண்ணீரில் வந்து விழும் உயிர்களில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. இந்த உளுவைக்கோ, செயின்ட் கிளேர் ஆற்றோடு இணைந்த அமெரிக்கப் பேரேரிகளில் விருந்து தயாராக இருந்தது. கருங்கடல், காஸ்பியன் வட்டாரத்தைச் சேர்ந்த வரிக்குதிரை மட்டி 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டிருந்தது. அதன் நெருங்கிய உறவான குவாகா மட்டியும் பின்னாலேயே வந்தது. இரண்டும் ஏரித் தரையை அடுக்கடுக்காக மூடின. பேரேரி மீன்களில் மிகச் சிலவே அந்த மட்டிகளின் ஓட்டை உடைத்துத் தின்னக்கூடியவை. உளுவையின் தொண்டைக்குள் அரைவைக் கல் போன்ற பற்கள் இருக்கின்றன. தாயகத்தில் அது தின்று பழகிய இரையும் இந்த மட்டிகள்தான். முன்னால் வந்த அந்நிய உயிர் பின்னால் வரும் அந்நிய உயிருக்கு வழி திறந்துவிடும் இந்த நிலையைச் சூழலியலாளர்கள் ‘படையெடுப்பு உருகல்’ என்கிறார்கள். அந்தக் கருத்துக்குப் பேரேரிகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அடுத்த பலம் இனப்பெருக்கம். வெப்பமான நீரில் ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரைகூட முட்டையிடும் காலம் நீளும். ஒரு பெண் மீன் அதற்குள் பல தடவை முட்டையிடும். ஆண் மீன் கல்லுக்கு அடியிலோ குழாய், கப்பல் உடைசல் போன்றவற்றின் இடுக்கிலோ கூடு பிடித்துக்கொள்ளும். அப்போது அதன் உடல் மையைப் போல் கறுத்துவிடும், கன்னங்கள் புடைக்கும். சிறுநீர் வழியாக வெளியிடும் வேதிப்பொருள்களாலும் மெல்லிய ஒலிகளாலும் பெண்களை வரவழைக்கும். பல பெண்கள் ஒரே கூட்டின் கூரையில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். அதன்பின் எல்லாம் ஆணின் பொறுப்பு: துடுப்பால் விசிறி ஆக்சிஜன் கொடுக்கும், பூஞ்சை பிடித்த முட்டைகளை அகற்றும், நெருங்குகிற எதையும் கடித்துத் துரத்தும். இந்தக் காவலால் முட்டைகளில் மிகப் பெரும்பங்கு பொரித்துவிடுகிறது. கூடு கட்டாத சிறிய, பழுப்பு நிற ஆண்களும் உண்டு. அவை பெண்ணைப் போலத் தோன்றி, காவல்கார ஆணின் கூட்டுக்குள் நுழைந்து தங்கள் விந்தைக் கலந்துவிட்டுப் போகும்.

தாங்கும் திறனும் சேர்ந்துகொள்கிறது. உறைநிலையை ஒட்டிய குளிரிலிருந்து 30 டிகிரி செல்சியஸ் வரை பிழைக்கும். நன்னீரிலும் வாழும், பால்டிக் போன்ற உப்பு குறைந்த கடலிலும் வாழும். பக்கக்கோட்டு உணர்வுறுப்புகள் கூர்மையானவை என்பதால் இருட்டிலும் இரை பிடிக்கும். இதன் மரபணுத் தொகுதி 2020-இல் வெளியிடப்பட்டபோது, நோய் எதிர்ப்போடு தொடர்புடைய ஒரு மரபணுக் குடும்பம் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருப்பது தெரியவந்தது. புதிய ஊரின் புதிய கிருமிகளைச் சமாளிக்க அது உதவியிருக்கக்கூடும்.

விளைவு, முதல் மீன் தென்பட்ட சில ஆண்டுகளிலேயே ஐந்து பேரேரிகளிலும் உளுவை. ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் மட்டும் 2002-இல் ஏறத்தாழ 990 கோடி மீன்கள் இருந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாறை நிறைந்த சில கரைகளில் ஒரு சதுர மீட்டருக்குள் நூற்றுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள்.

முதலில் அடிவாங்கியது ஸ்கல்பின் என்ற உள்ளூர் தரைமீன். அதற்கும் கல்லிடுக்குதான் வீடு, அதற்கும் அதே இரைதான். செயின்ட் கிளேர் ஆற்றிலும் மிச்சிகன் ஏரியின் தெற்குக் கரையிலுள்ள கலுமெட் துறைமுகத்திலும் உளுவை அதன் கூடுகளைப் பறித்துக்கொள்ள, ஸ்கல்பின் ஏறத்தாழ மறைந்தே போனது. அடுத்து, தூண்டில்காரர்களின் செல்லமான சிறுவாய் பாஸ். கூட்டைக் காக்கும் ஆண் பாஸைத் தூண்டிலில் பிடித்துத் திரும்ப விட்டாலும், அது வந்து சேர்வதற்குள் உளுவைக் கூட்டம் முட்டைகளைத் தின்றுவிடுகிறது. ஒஹாயோ மாநிலம் ஈரி ஏரியில் வசந்தகால பாஸ் பிடிப்புக்குக் கட்டுப்பாடு விதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு அதோடு முடியவில்லை. மட்டிகள் நீரை வடிகட்டும்போது அதிலுள்ள பிசிபி போன்ற நச்சுகளைத் தங்கள் உடலில் சேர்த்துவைக்கின்றன. மட்டியை உளுவையும், உளுவையைப் பெரிய மீனும், அந்த மீனை மனிதனும் தின்னும்போது ஏரித் தரையில் புதைந்திருக்க வேண்டிய நஞ்சு தட்டுக்கு வருகிறது. 1999 முதல் ஈரி ஏரியிலும் பின்னர் மற்ற ஏரிகளிலும் ‘இ’ வகை பாட்டுலிசம் என்ற நச்சு நோயால் லூன் போன்ற நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அந்த நஞ்சு பறவைகளைச் சென்றடைந்த முக்கிய வழிகளில் ஒன்று உளுவை என்று கருதப்படுகிறது.

எல்லாமே நட்டம் என்று எழுதிவிட்டால் அது நேர்மையாகாது. பெரும்பாலும் ஈரி ஏரித் தீவுகளில் வாழும் ஒரு நீர்ப்பாம்பு வகை 1999-இல் அமெரிக்காவின் அழியும் அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உளுவை வந்தபின் பாம்பின் இரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே ஆனது. பாம்புகள் வேகமாக வளர்ந்தன, அதிகமாகக் குட்டி போட்டன. வாழிடப் பாதுகாப்பும் கைகொடுக்க, 2011-இல் பாம்பு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நீர்க்காகங்களும் கொழுத்தன. முட்டையைப் பறிகொடுக்கும் அதே பாஸ், தப்பி வளர்ந்தபின் உளுவையைத் தின்று முன்னைவிடப் பெரிதாகிறது. எந்த உயிரை முன்னிறுத்திக் கணக்கெழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஐரோப்பாவில் பாதை வேறு. 1992-இல் திறக்கப்பட்ட ரைன்–மைன்–டான்யூப் கால்வாய், கருங்கடலில் விழும் டான்யூபை வடகடலில் விழும் ரைனோடு இணைத்தது. உளுவை 2000-இல் வியன்னா அருகிலும், 2004-இல் நெதர்லாந்திலும், அதன்பின் சுவிட்சர்லாந்தின் பாசல் வரையிலும் காணப்பட்டது. பால்டிக்கில் போலந்திலிருந்து எஸ்டோனியா, லாத்வியா, பின்லாந்து, சுவீடன், டென்மார்க் கரைகளுக்குப் பரவியது. லாத்விய மீனவர்கள் அதைப் பிடித்து விற்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தாயகத்தில் அதற்கு மரியாதையே வேறு: தக்காளிச் சாற்றில் அடைத்த உளுவை சோவியத் காலத்திலிருந்தே பெயர்பெற்ற டின் உணவு. அசோவ் கரையிலுள்ள உக்ரைனிய ஊரான பெர்தியான்ஸ்கில், பசிக்காலத்தில் ஊருக்குச் சோறு போட்டதற்காக உளுவைக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

தடுப்பு முயற்சிகளில் பெரும்பாலானவை காலம் கடந்து வந்தவை. சிகாகோ அருகே, மிச்சிகன் ஏரியை மிசிசிப்பி ஆற்றோடு சேர்க்கும் கால்வாயில் உளுவையைத் தடுக்கவே மின்தடுப்பு ஒன்று திட்டமிடப்பட்டது. அது 2002-இல் இயங்கத் தொடங்குவதற்குள் மீன் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. இப்போது அந்தத் தடுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும் வெள்ளிக் கெண்டைக்குக் காவல் நிற்கிறது. 2005-இல் ஒன்டாரியோவின் பெஃபர்லா ஓடையில் ரோட்டினோன் நஞ்சைக் கலந்து உளுவையை ஒழிக்கப் பார்த்தார்கள். மறு ஆண்டே மீன் திரும்பியது, அருகிலுள்ள சிம்கோ ஏரியையும் எட்டியது.

பலன் தந்தது கப்பல் விதிதான். நன்னீர்க் கிளையிலிருந்து வந்த உளுவைகள் கடலின் முழு உப்பில் நீண்ட நேரம் தாங்குவதில்லை. நடுக்கடலில் பாலஸ்ட் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று 1993-இல் அமெரிக்கா பேரேரிக் கப்பல்களுக்கு விதித்தது. வெறும் தொட்டிகளையும் கடல்நீரால் அலச வேண்டும் என்ற விதி 2000-களின் நடுவில் சேர்ந்தபின், புதிய அந்நிய உயிர்களின் வரவு வெகுவாகக் குறைந்தது. 2004-இல் ஏற்கப்பட்ட உலகளாவிய பாலஸ்ட் தண்ணீர் ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பே வந்துவிட்ட மீனுக்கு இவை எதுவும் பொருந்தாது. அது தூண்டில்காரரின் இரைவாளியிலும் படகுத் தொட்டியிலும் ஏறி ஏரி ஏரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உயிருள்ள உளுவையை இரையாக வைத்திருப்பதைப் பேரேரிக் கரையோர அரசுகள் தடை செய்தது அதனால்தான்.

2021-இல் அது ஈரி கால்வாயின் தொடர்வழியாக நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் பிடிபட்டது. அங்கிருந்து சாம்ப்ளேன் ஏரிக்கும் ஒரு கால்வாய் இருக்கிறது. மீன் அதற்குள் ஏறாமலிருக்க, படகுகளைக் கடத்திவிடும் மதகுத் தொட்டிகளை இருமுறை வடித்து நிரப்பும் முறையை அதிகாரிகள் கொண்டுவந்தனர்.