கடல் கடந்த அறுவடை

ஊர் விட்டு ஊர் போய் அறுவடை செய்வது நம் நாட்டில் புதிய விஷயமன்று. தை பிறக்கும் சமயத்தில் கையில் அரிவாளும் தலையில் மூட்டையுமாகக் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டு, கூலி நெல்லுடன் வீடு திரும்பும் ஜனங்களை நம் கிராமங்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றன. ஆனால் கடல் கடந்து போய் அறுவடை செய்வதென்றால் அது எப்படியிருக்கும்? இரண்டு விதமாக இருக்கும் என்று சரித்திரம் சொல்கிறது.

முதலில் இன்பமான கதையைப் பார்ப்போம். ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள போர்ச்சுகல் தேசத்தில் டோரோ என்னும் ஆறு பாய்கிறது. அதன் கரையிலுள்ள மலைச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, கற்சுவர் எழுப்பி, திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். 1756-ஆம் வருஷத்திலேயே அரசாங்கத்தார் இந்தப் பிரதேசத்துக்கு எல்லை வகுத்துவிட்டார்கள். செப்டம்பர் மாதம் வந்தால் அங்கே அறுவடைக் காலம். முற்காலத்தில் சுற்றுப்புறத்து மலைக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் பாட்டும் வாத்தியமுமாக இறங்கி வருவார்கள். பெண்கள் குலைகளைக் கொய்ய, ஆண்கள் கூடை சுமப்பார்கள். இரவானதும் பெரிய கருங்கல் தொட்டிகளில் திராட்சையைக் கொட்டி, ஒருவர் தோள்மீது ஒருவர் கை போட்டு, வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். முதலில் இராணுவத்தைப் போல ஒழுங்கான நடை. சில மணி நேரம் சென்றபின் 'விடுதலை!' என்று ஒரு குரல் எழும். உடனே வாத்தியம் முழங்கும். தொட்டிக்குள்ளேயே ஆட்டம் தொடங்கிவிடும்!

இன்று அங்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் சில தோட்டங்களில் கால் மிதி நின்றுவிடவில்லை. அந்நிய தேசத்து இளைஞர்கள்கூடச் சில வாரம் அங்கே உழைத்து, அந்த ஜனங்களுடன் உண்டு ஆடிக் களித்து, சுகமாக ஊர் திரும்புகிறார்கள். மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்கள் அந்தப் பழரசத்தின் பிற்கால வாழ்க்கையை மறந்துவிட்டு, உழைப்பின் உற்சாகத்தை மட்டும் ரஸிக்கலாம்.

போர்ச்சுகீசியர் நமக்கு முற்றும் அந்நியரல்லர். அவர்கள் கப்பலில் வந்து போனபோது விட்டுச் சென்ற பீப்பாயும் கோப்பையும் இன்றும் நம் பேச்சில் புழங்குகின்றன. 'மேஸ்திரி' என்பதும் அவர்கள் தந்த சொல்லே. தொழிலில் தேர்ந்தவன், தலைவன் என்பது அதன் பொருள். இந்த மேஸ்திரிதான் நம்மை இரண்டாவது கதைக்கு அழைத்துச் செல்கிறான்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில், புதுச்சேரியை ஒட்டிக் கிடப்பது வானூர் வட்டாரம். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வயல்களுக்கு நடுவே இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை ஓடியது. ஒரு வரப்பு ஆங்கிலேயருடையது. அடுத்த வரப்பு பிரெஞ்சுக்காரருடையது. 1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் பிடிக்கும் தொழிலில் புதுச்சேரியில் சிலர் இறங்கினார்கள். அவர்களுக்கு வழங்கிய பெயரும் மேஸ்திரி என்பதே! பஞ்சமும் கடனும் வாட்டிய கிராமங்களில் அவர்களுடைய இனிய வார்த்தைகளுக்குக் காது கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். 1861-ல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் பகுதியிலும் ஆள் சேர்க்க வழி திறந்துவிட்டார்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான குவாதலூப்புக்கு இந்தியத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் 1854 டிசம்பர் 24-ஆம் தேதி கரை சேர்ந்தது. 1889-க்குள் அந்தத் தீவுக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் தமிழர் மிகப் பலர். ஆப்பிரிக்காவைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதப் பிரயாணம். போய்ச் சேர்ந்ததும் ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆண்கள் கரும்பை வெட்ட, பெண்கள் அதைக் கட்டாகக் கட்டினார்கள். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு அகன்றால் தண்டனை. காலம் முடிந்ததும் திரும்பி வரக் கப்பல் உண்டு என்று ஒப்பந்தக் காகிதம் கூறிற்று. ஆனால் அதற்குள் நோய்க்கும் வேலைக்கும் பலியானோர் ஏராளம். மறுபடியும் ஒப்பந்தத்தில் சிக்கியோர் வேறு. தாய்நாட்டை மீண்டும் கண்டவர் சிறு பகுதியினரே. அங்கேயும் அறுவடைதான் நடந்தது. 'விடுதலை' என்ற குரல்தான் எழவில்லை.

ஆயினும் அந்த ஏழைகள் வெறுங்கையோடு போகவில்லை. மாரியம்மனையும் மதுரை வீரனையும் மனத்தில் சுமந்து சென்று, கரும்புக் காட்டோரத்தில் கோயில் எடுத்தார்கள். அவர்களுடைய மசாலாக் குழம்பு 'கொலம்போ' என்ற பெயருடன் அத்தீவு மக்கள் எல்லோருடைய உணவாகவும் ஆகிவிட்டது. குழந்தைகள் கிரியோல் பாஷை பேசி வளர்ந்தார்கள்; தமிழ் பெரும்பாலும் பூஜைப் பாட்டுகளில் ஒடுங்கிற்று. ஆனால் மானம் ஒடுங்கவில்லை. 1863-ல் அங்கே பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்தியரின் சந்ததிகளுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1904-ல் வழக்குத் தொடங்கி, விடாமல் போராடி, 1923-ல் வெற்றி கண்டார்.

இங்கே தாய்நாட்டிலும் குரல் எழுந்தது. 1912-ல் கோகலே சட்டசபையில் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அன்று அது தோற்றது. ஆனால் 1917-ல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

திராட்சைக் குலையும் கரும்புக் கழியும் உழைப்பைக் கேட்பதில் ஒன்றுதான். இவ்விரண்டு அறுவடைகளுக்கும் உள்ள வித்தியாசம், திரும்பி வரும் வழி யார் கையில் இருந்தது என்பதே. இன்றும் நம் வீட்டுப் பிள்ளைகள் பிழைப்பைத் தேடிக் கடல் கடக்கிறார்கள். போகட்டும், உலகத்தைப் பார்க்கட்டும், அந்தந்த நாட்டாரின் பாட்டையும் பழக்கத்தையும் அறிந்து வரட்டும். ஆனால் புறப்படுமுன் பெற்றோர் சில கேள்விகள் கேட்க வேண்டும். ஒப்பந்தம் தனக்குப் புரிகிற பாஷையில் இருக்கிறதா? கூலி எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? பாஸ்போர்ட்டு யார் கையில் இருக்கப் போகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சொல்ல அந்த நாளில் கப்பல் ஏறியவர்களுக்கு ஒருவரும் இல்லை. இப்போது நாம் இருக்கிறோம்.