புழுவுக்குப் பணியும் குருத்து

பூச்சியொன்று செடியைத் தின்று அழிப்பது சர்வசாதாரணமான சங்கதி. ஆயின், தனக்கு வேண்டிய இல்லத்தையும் ஆகாரத்தையும் அந்தச் செடியின் சொந்த வளர்ச்சிச் சக்தியைக் கொண்டே சமைப்பித்துக்கொள்ளும் பூச்சிகளும் உண்டு என்பதை எண்ணும்போது சித்தம் திகைத்து நிற்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் மாசிக்காய் உண்மையில் காயே அன்று. மேற்காசியாவின் ஓக் மரக்கிளையில் சிறு குளவியொன்று முட்டையிட, அதிலிருந்து வரும் புழுவுக்காக, உள்ளே சத்து மிகுந்த திசுவும் புறத்தே கடுந்துவர்ப்பும் அமைத்து அம்மரமே உருட்டிக் கொடுத்த கூடு அது.

நம் வயல்களில் இந்த வித்தையை நடத்துவது ஆனைக்கொம்பன் ஈ. கொசுவை ஒத்த இந்த அற்பப் பிராணி இரவிலே நெற்பயிரில் முட்டையிடுகிறது. பொரித்த புழு, இலைமேல் படிந்த ஈரத்தின் உதவியால் ஊர்ந்து, இலையுறைகளின் இடுக்கு வழியே இறங்கித் தூரின் அடியிலுள்ள வளர்நுனியை அடைகிறது. அங்கே அது உண்ணத் தொடங்கியதும், புதிய இலைகள் தோன்றுவது தடைப்பட்டு, இலையுறை புழுவைச் சூழ்ந்து அறையாகி, பின்னர் வெங்காயத் தாளைப் போல உள்ளீடற்று நீண்டு, வெள்ளி நிறமாக வெளிறிய குழலாக வெளிப்படுகிறது. அந்தத் தூரில் கதிர் வராது. பயிரோ, இழப்பை ஈடுசெய்யப் புதுத் தூர்களை விடுகிறது. அவற்றையும் அடுத்த தலைமுறைப் புழுக்கள் பற்றிக்கொள்வதைக் காணும் உழவரின் வேதனை கொஞ்சமன்று.

இத்தகைய பூச்சிகளுட் சிலவற்றின் உடலிலேயே, தாவரங்களின் வளர்ச்சியை நடத்தும் ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய இரசாயனங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. உமிழ்நீரிலுள்ள புரதங்களும் செடியின் செல்களுக்குள் புகுந்து அவற்றின் காரியக்கிரமத்தை மாற்றுகின்றன என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. செடி அறிந்த பாஷையிலேயே பூச்சி கட்டளையிடுகிறது என்பதுதான் இதில் பரம ஆச்சரியம்.

ஆயினும் இந்தக் கோட்டைக்குள்ளும் சத்துரு புகுகிறான். பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்னும் நுண்ணிய குளவி, ஆனைக்கொம்பனின் முட்டையிலேயே தன் முட்டையை வைத்துவிட, அந்த ஒன்றிலிருந்தே பல குளவிகள் உருவாகி, வளர்ந்த புழுவை உள்ளிருந்தே உண்டு தீர்க்கின்றன. ஆகையால், வெள்ளிக் குழல்களைக் கண்ட மாத்திரத்தில் பிடுங்கி எரித்துவிடாமல், குளவி குடிகொண்டவற்றைப் பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் புதிதாக நட்ட வயலில் இடுமாறு வேளாண் நிபுணர்கள் உழவர்களுக்குச் சொல்லுகின்றனர்.