கிடாரி வாங்குமுன் தாய்வழி பாருங்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் காங்கேயம் மாடு வளர்ப்போர் இன்றும் உண்டு. ஒன்றரை வயதுக் கிடாரி ஒன்றை வாங்கினால் அது முதல் கன்று போட ஏறத்தாழ மூன்றரை வயதாகும். அந்தக் கன்று தேறுமா என்பது தெரிய மேலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள். ஆக, சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து அரை மணி நேரத்தில் முடித்த பேரம் சரிதானா என்று தெரிவதற்குள் நான்கு ஆண்டுச் சோளத்தட்டு தீர்ந்துவிடும். ஒற்றை மாட்டுக்காரருக்கு இது சிறிய நட்டமன்று.

ஆனாலும் பலர் முதலில் பார்ப்பது சுழியைத்தான். கெட்ட சுழி என்றால் விற்கும்போது விலை குறையும்; ஆகவே அதைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சுழிக்கும் கன்று ஈனுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

குதிரைக்காரர்கள் கணக்கு

பந்தயக் குதிரை வளர்ப்போர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். இங்கிலாந்தில் 1791-ஆம் ஆண்டிலேயே அவர்கள் வம்சாவளிப் புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள். பெட்டைக் குதிரை ஒன்று விலைக்கு வந்தால், அது எத்தனை பந்தயம் ஜெயித்தது என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. அதன் தாய் எத்தனை குட்டி போட்டது, அவற்றில் எத்தனை ஓடின, பாட்டியின் குட்டிகள் எப்படி என்று பார்ப்பார்கள். குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் கிடைக்காது. பொலிகுதிரையை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டையோ கொட்டிலிலேயே நிற்பது.

அர்பன் சீ என்ற பெட்டைக் குதிரை 1993-இல் பிரான்சின் பெரிய பந்தயமான ஆர்க்கை வென்றது. அதன் மகன் கலிலியோ 2001-இலும், இன்னொரு மகன் சீ தி ஸ்டார்ஸ் 2009-இலும் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை ஜெயித்தன. இரண்டுக்கும் தகப்பன் வேறு வேறு, தாய் ஒன்றே.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் இருந்தார்கள். காங்கேயம் இனம் இன்றைய உருவுக்கு வந்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தைக்குப் பெரும் பங்கு உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் நிறைந்த, கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் தாயும் மகளும் பேத்தியும் ஒரே கண்காணிப்பில் வளர்ந்ததால் எந்த வழி தேறும் என்று பார்த்துக் கழிக்க முடிந்தது. பத்து மாடு இல்லாதவர் அப்படிக் கழிக்க முடியாது. அவர் விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

தாயைப் பார்ப்பது எப்படி?

கூடியவரை சந்தையில் வாங்காமல் வளர்த்தவர் வீட்டுக்கே போக வேண்டும். அதுவும் மாலைப் பால் கறக்கும் நேரத்தில். தாய்ப்பசு கன்றைக் காட்டியதும் பால் இறக்குகிறதா, நான்கு காம்பிலும் ஒரே சீராக வருகிறதா என்று நின்று பார்க்கலாம். காங்கேயத்தில் ஓர் ஈத்துக்குச் சராசரி 540 கிலோ பால்தான். பாலுக்காக யாரும் இதை வாங்குவதில்லை. ஆனால் கன்று கொழுக்கும் அளவுக்காவது பால் வேண்டும்.

அடுத்து, தாய் எத்தனை ஈத்து ஈன்றது, ஈத்துக்கு ஈத்து இடைவெளி எவ்வளவு என்று கேட்க வேண்டும். பதினாறு மாதத்துக்கு ஒரு கன்று என்றால் இந்த இனத்துக்குச் சராசரி. இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்றால், தீனி குறைவா, மாட்டிலேயே குறையா என்று துருவ வேண்டும். சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கொம்பில் வளையம் எண்ணினால் ஈத்துக் கணக்கு ஓரளவு பிடிபடும். கொம்பைச் சீவி மழமழவென்று வைத்திருந்தால் பல்லைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ இரண்டரை வயதுக்குள் இரண்டு பல், மூன்று வயதில் நான்கு பல், நான்கு, நாலரை வயதில் எட்டுப் பல்லும் விழுந்து முளைத்துவிடும். அதன்பின் தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல முடியும். முன்பு விற்ற கன்றுகள் அதே ஊரில் எங்காவது நிற்கும். அவற்றை ஒரு நடை போய்ப் பார்த்து வருவது, தரகர் சொல்லும் நூறு வார்த்தைக்கு மேல்.

காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்து, கால்நடை மருந்தகத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்கலாம்.

கிடாரி காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்பதை மறவாமல் கேட்க வேண்டும். அப்படிப் பிறந்த கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே போகும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தாயோ, பக்கத்தில் கட்டிய மாடோ மாதம் நிரம்பாமல் கன்று வீசியிருந்தால், கன்று வீச்சு நோய்க்கு இரத்தம் சோதித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அந்நோய் மனிதருக்கும் தொற்றும்.

நிறத்தில் ஏமாற வேண்டாம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சுமார் ஆறு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். சிவப்பாக இருக்கிறதே, கலப்போ என்று நல்ல கன்றை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

காளைத் தேர்வு

பந்தயக் குதிரையில் செயற்கை முறைக் கருவூட்டல் கிடையாது. நேரடியாகத்தான் சேர்க்க வேண்டும். மாட்டுக்காரருக்கு அந்தக் கட்டு இல்லை. சினை ஊசி போடும்போது காங்கேயம் காளையின் உறைவிந்துதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊர்ப் பூச்சிக்காளையை நம்புவோர், அதே காளைக்குப் பிறந்த கிடாரியை அதற்கே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காளை ஒரே ஊரில் மூன்று, நான்கு ஆண்டு நின்றால் இந்தத் தவறு தானாகவே நேர்ந்துவிடுகிறது.

உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் அந்த எண்ணையும் தேதியையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி, கன்று போட்ட தேதியையும் அதன் கீழேயே குறித்து வர வேண்டும். இரண்டு ஈத்துக்கான குறிப்பு கையில் இருந்தால், அடுத்த கிடாரியை விற்கும்போது பேரம் பேசும் இடம் வேறாக இருக்கும்.