படியேறும் வயதில் துத்தநாகம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறி இறங்குகிறவர்களுக்குக் கால் கொப்புளம் புதிதல்ல. இளவட்டங்களுக்குச் சில நாளில் ஆறிவிடும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதே புண் வாரக்கணக்கில் இழுப்பதுண்டு. முதலில் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரையும் இல்லை, ஆனாலும் புண் ஆறவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது, நாக்குக்கு ருசி தெரியவில்லை என்றால், ஜிங்க் எனும் துத்தநாகச் சத்து குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஷிராஸில் ஒரு நோயாளி

மனிதருக்கு இந்தச் சத்து குறையவே குறையாது என்றுதான் மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில், பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத்திடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்வைக்குப் பத்து வயதுப் பையன். சாப்பாடு பெரும்பாலும் புளிக்காத ரொட்டி. துத்தநாகக் குறையாக இருக்கலாம் என்று பிரசாத் 1961-இல் எழுதினார். எகிப்தில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன.

நமக்கு ஏன் கூடுதல்?

நாளொன்றுக்கு ஆணுக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம், பெண்ணுக்கு சுமார் 13 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. அமெரிக்காவில் 11, 8 தான். தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட், துத்தநாகத்தைக் குடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. தானியமே பிரதானமாகச் சாப்பிடும் நமக்கு அதனால்தான் இந்தக் கூடுதல் கணக்கு. வயதானவர்கள் பாடு இன்னும் மோசம். பல் போனதும் கறி, கடலை எல்லாம் தட்டை விட்டுப் போய், ரசம் சோறு மட்டும் மிஞ்சுகிறது.

கூழும் சின்ன வெங்காயமும்

ஆடி மாதத்துக் கேழ்வரகுக் கூழை அம்மன் பிரசாதமாக மட்டும் பார்ப்பது நஷ்டம். மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும்போது பைட்டேட் குறைகிறது. தொட்டுக்கொள்ளும் வெங்காயத்துக்கும் பங்கு உண்டு: வெங்காயமும் பூண்டும் சேர்ந்தால் தானியத்திலிருந்து துத்தநாகம் கூடுதலாகக் கிடைக்கும் என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள். ஆந்திர எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கம் ராகி சங்கடிக்கு வேர்க்கடலைச் சட்னி. அதுவும் நல்ல ஜோடிதான். பல் இல்லாதவர்களுக்கு எள்ளுப்பொடி, முளைகட்டி வேகவைத்து மசித்த பயறு, முட்டை.

மாத்திரை என்றால்

கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டித் தொடர்ந்தால் உடலில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம். இரும்பு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ சாப்பிடுகிறவர்கள் ஜிங்க் மாத்திரையை அவற்றோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.