மைக் பிடிக்கும் தம்பிக்குக் கூலி எங்கே?

பொங்கல் வந்தாலும், ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் வந்தாலும், தேர்வாய் கண்டிகை சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் குறைவிருக்காது. ஆடுகளத்தின் ஓரமாக ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வாடகை மைக் செட். அதில் உட்கார்ந்திருப்பவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாலையில் ஆரம்பித்தால் விடியும் வரை அவர் குரல்தான். பரிசுத்தொகை கொடுத்தவர் பெயர், தொலைந்து போன வண்டிச் சாவி, அடுத்து ஆட வேண்டிய அணி என்று எல்லாம் அவர் வாயில். நடுவில் ஆட்டத்தையும் விடாமல் சொல்ல வேண்டும். ஜெயித்த அணிக்குக் கோப்பை. பேசியவருக்கு ஒரு டீ, பெரிய மனது வைத்தால் ஒரு துண்டு.

இந்த வேலைக்கு வெளியே ஒரு பெயர் இருக்கிறது: நேர்முக வர்ணனையாளர். சம்பளமும் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டோம்.

ஊருக்குச் செய்தி சொல்லும் வேலை நமக்குப் புதிதல்ல. சாவு முதல் ஏலம் வரை தண்டோரா போட்டுச் சொல்லும் வேலையைப் பிறப்பைக் காரணம் காட்டி நம் தலையில் கட்டி வைத்திருந்தார்கள். அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும், ஒலிபெருக்கி வந்துவிட்ட காலத்தில் அது தேவையில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்லது. ஆனால் ஒலிபெருக்கி முன்னால் விடிய விடியப் பேசும் நம் பிள்ளைக்கும் இன்னும் கூலி இல்லையே என்பதுதான் நமக்கு உறுத்துகிறது.

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது கவனித்துப் பாருங்கள். வர்ணனை அறையில் இரண்டு வகை ஆள் இருப்பார்கள். ஒருவர் முன்னாள் வீரர். ஏன் அவுட் ஆனான், எங்கே பிசகினான் என்று விளக்குவார். அந்த நாற்காலிக்கு நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடியிருக்க வேண்டும். இன்னொருவர் நடப்பதை நடக்க நடக்கச் சொல்பவர். இவருக்குப் பதக்கம் தேவையில்லை. கண், நாக்கு, ஞாபகம், மூச்சு போதும். நம் மைக் தம்பி பழகிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது நாற்காலிக்குத்தான்.

கபடியையே எடுத்துக்கொள்வோம். ஒருவன் பாடிப் போனால் 30 வினாடி. எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ நின்றால்தான் போனஸ் கோட்டுக்குப் புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. இரண்டு ரைடு வெறுமனே வந்தால் மூன்றாவது வாழ்வா சாவா. இத்தனையையும் மனதில் ஓட்டிக்கொண்டே, உள்ளே போனவன் பெயர், நம்பர், மீதி நேரம், இரண்டு பக்கப் புள்ளி எல்லாவற்றையும் திணறாமல் சொல்ல வேண்டும். இதைப் புழுதிக்கு நடுவில், பாதி விளக்கு எரியும் மைதானத்தில் செய்பவனுக்கு ஏசி அறை பெரிய காரியமா என்ன?

‘என் பேச்சு நல்லாயிருக்காது சார், லோக்கலா இருக்கும்’ என்று பிள்ளைகள் தயங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்தில் ஜான் ஆர்லட் என்றொருவர் இருந்தார். மேல்படிப்பு இல்லை. 1934 முதல் 1945 வரை போலீஸ் வேலை. பேச்சில் ஹாம்ப்ஷயர் மண்வாசனை. படித்த மேட்டுக்குடி உச்சரிப்பே கேட்டுப் பழகிய பிபிசி வானொலியில், 1946இல் இந்திய அணி அங்கே ஆடப்போனபோது அவர் கிரிக்கெட் வர்ணனைக்கு வந்தார். 1980 வரை அந்த மண்வாசனைக் குரலைத்தான் நாடே கேட்டது. நம் பத்தியில் அவரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது படிவத்தில் ‘இனம்’ என்ற இடத்தில் ‘மனிதன்’ என்று எழுதிக் கொடுத்தவர். கறுப்பு வெள்ளை பார்த்து அணி எடுத்த அந்த நாட்டில் ஆட வாய்ப்பில்லாத பேசில் டி ஒலிவேரா உதவி கேட்டு இவருக்குத்தான் கடிதம் எழுதினார். ஆர்லட் 1960இல் அவரை இங்கிலாந்துக்கு வரவழைக்க வழி செய்தார். 1966இல் அவர் இங்கிலாந்து அணியிலேயே ஆடினார்.

தமிழில் இந்தத் தொழிலுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். வானொலி நாடகத்தில் குரலைத் தீட்டியவர். இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடியவர் அல்ல. அகில இந்திய வானொலியில் அவரும் கூத்தபிரானும் ராமமூர்த்தியும் சொன்ன தமிழ் வர்ணனையை, டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்று கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜப்பார் 2020 டிசம்பரில் காலமானார்.

இன்று கதவு அப்போதைவிட அகலம். 2017இல் தமிழுக்கென்றே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் அலைவரிசை வந்தது. 2023 ஐபிஎல் செல்போனில் 12 மொழிகளில் ஓடியது. அதில் பேசுபொருளானது போஜ்பூரி வர்ணனை. நம் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் பீகார் தம்பிகள் பேசுகிறார்களே, அதே மொழிதான். எல்லையோரத்தில் இருக்கும் நமக்குத் தமிழோடு தெலுங்கும் வாயில் வரும். மற்ற பல மாவட்டத்துக்காரருக்கு இல்லாத முதல் இது.

வழி என்ன? முதலில் பிளஸ் டூவோடு நிற்காமல் ஒரு டிகிரி. பொன்னேரி அரசு கலைக் கல்லூரியில் எந்தப் பாடமாக இருந்தாலும் சரி, காட்சித் தொடர்பியல்தான் என்று கட்டாயமில்லை. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விட வேண்டாம். அகில இந்திய வானொலி பகுதிநேர அறிவிப்பாளருக்கு அவ்வப்போது விண்ணப்பம் கேட்கும். எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் உண்டு. மைக் முன்னால் முறையாக உட்காரப் பழகும் இடம் அது. தனியார் அலைவரிசைகள் முதலில் கேட்பது மாதிரிப் பதிவைத்தான். தாட்கோவின் இலவசத் திறன் பயிற்சிகளில் எது நடக்கிறது என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இதில் மாதச் சம்பளம் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு, தொடருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம். சீசன் முடிந்தால் கை காலி. கம்பெனி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு ஓடு என்று எந்தத் தம்பிக்கும் நாம் சொல்லமாட்டோம்.

மேய்ச்சல் நிலத்துக்காக இந்த ஊர் எழுப்பிய குரல் 2012இல் பிரான்ஸ் வரை போய்ப் புகாராகப் பதிவானது. பேசத் தெரியாத ஊர் இல்லை இது. ஆனாலும் நம் போட்டிகளில் மைக் முன்னால் ஒரு பெண் பிள்ளையை உட்கார வைக்க ஏன் தோன்றுவதில்லை? கபடி ஆடும் தங்கைகள் இருக்கிறார்கள், சொல்லத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.

அடுத்த போட்டிக்கு முன் விழாக் குழுவினர் ஒரு காரியம் செய்யலாம். மைக் செட், பந்தல், லைட் வாடகைக்குக் கணக்கு எழுதும் நோட்டில், பேசுபவருக்கும் ஒரு வரி ஒதுக்கி ஒரு தொகை எழுதுங்கள். தம்பி, தங்கைகள் செய்ய வேண்டியது இன்றைக்கே ஒன்று உண்டு. டிவியில் கபடி ஓடும்போது சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, செல்போனில் பதிவைப் போட்டு, பத்து நிமிடம் நீங்களே சொல்லுங்கள். பிறகு படம் பார்க்காமல் கேளுங்கள். புள்ளி எவ்வளவு என்று அதில் தெரிகிறதா?