புயல் கதவும் சிறு சாவியும்

மாலை வேளையில் கடைத்தெருவில் வியாபாரிகள் ஷட்டரை இறக்கிப் பூட்டுவதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். அது திருடனுக்கு அஞ்சிப் போடும் பூட்டு. காற்றுக்கு அஞ்சி வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் ஷட்டர் போட்டுப் பூட்டும் ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நேயர்களுக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். அமெரிக்காவின் தென்கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ப்ளோரிடா மாகாணத்தில் இது அன்றாடக் குடும்ப விவகாரம்.

அங்கே மியாமி நகருக்கு அருகில் நம் மைத்துனர் குடியிருக்கிறார். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு முறை அவர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். மே மாதக் கடைசி. ஜூன் 1-ம் தேதி தொடங்கி நவம்பர் 30-ம் தேதி வரையில் அவ்விடத்தில் புயற்காலம். ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனர் ஷட்டர்களைப் பரிசோதிக்கக் கிளம்பினார். முதல் ஜன்னல் சுலபமாக மூடிக்கொண்டது. இரண்டாவதில் சாவி உள்ளே போயிற்று; ஆனால் திரும்பவில்லை. மூன்றாவது ஜன்னலுக்குச் சாவியே அகப்படவில்லை.

"பூட்டுத்தானே! இதற்காகவா இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?" என்றோம்.

"அத்தான்! இங்கே பூட்டு இல்லையென்றால் கதவு இல்லை, கதவு இல்லையென்றால் கூரை இல்லை" என்றார் அவர்.

அந்த வார்த்தை மிகையல்ல. 1992-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி விடியுமுன் 'ஆண்ட்ரூ' என்னும் புயல் மியாமிக்குத் தெற்கே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 165 மைல். 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகள் சேதமுற்றன. எப்படி அழிந்தன என்று நிபுணர்கள் ஆராய்ந்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. பறந்து வந்த மரத்துண்டோ ஓடோ முதலில் ஜன்னலை உடைக்கிறது. உடைந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து, வெளியேற இடமின்றிக் கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலே ஓடும் காற்றோ கூரையை உறிஞ்சி இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் சேர்ந்தால் எந்தக் கூரைதான் நிற்கும்? காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும்.

இந்தச் சாஸ்திரம் நமக்குப் புதிதல்ல. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, நள்ளிரவுக்குப் பின் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையில் கரை கடந்தபோது நாம் அந்தப் பகுதியில்தான் குடியிருந்தோம். தெற்கு ஜன்னலின் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் பல மாதங்களாகச் சரியாக விழுவதில்லை. 'நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்தோம். அன்றிரவு முதலில் திறந்துகொண்டது அந்த ஜன்னல்தான். அடுத்த நாழிகைக்குள் அந்த அறையின் ஓடுகள் பறந்து போயின. குழந்தைகளை அணைத்துக்கொண்டு சமையலறை மூலையில் விடியுமட்டும் உட்கார்ந்திருந்தோம். ஆகையால், மைத்துனரின் பூட்டைப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மைத்துனர் வீட்டு ஷட்டர் ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பானது. அலுமினியத் தகடுகள் ஒன்றோடொன்று கீல்போல் இணைந்து, மேலும் கீழும் அமைந்த தண்டவாளங்களில் சிறு சக்கரங்களின்மீது ஓடுகின்றன. சாதாரண நாட்களில் இருபுறமும் ஒதுங்கியிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் இழுத்து நடுவில் சேர்த்துப் பூட்டுவார்கள். ஆண்ட்ரூவுக்குப் பிறகு மியாமி வட்டாரத்தில் 1994 முதல் கடுமையான கட்டட விதிகள் அமுலுக்கு வந்தன. 9 ராத்தல், அதாவது சுமார் 4 கிலோ எடையுள்ள மரச் சட்டத்தை விநாடிக்கு 50 அடி வேகத்தில் ஷட்டரின்மீது எய்து பரீட்சிக்கிறார்கள். பிறகு காற்றின் அழுத்தத்தையும் பன்முறை மாற்றி மாற்றி அதன்மேல் செலுத்துகிறார்கள். இவ்வளவும் பூட்டிய ஷட்டருக்கு நடக்கும் பரீட்சை. நடுவில் இரு பாதிகளையும் கவ்வி நிறுத்துவது பூட்டு. அது பிடிக்காவிட்டால் எத்தனை பலமான அலுமினியமும் காற்றில் திரைச்சீலைதான்.

அந்தப் பூட்டுக்கு மூன்று சத்துருக்கள் உண்டு: உப்பு, மணல், உபயோகமின்மை. கடற்காற்றிலுள்ள உப்பு, உலோகத்தை அரிக்கிறது. மணல், தண்டவாளத்திலும் சாவித் துவாரத்திலும் சேர்கிறது. வருஷம் முழுவதும் திறக்காமலும் மூடாமலும் விட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து பூட்டை இறுக்கிவிடுகின்றன. நாம் வழக்கம்போல, "நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் போயிற்று" என்று யோசனை சொன்னோம். மைத்துனர் கையமர்த்தினார். எண்ணெயும் கிரீஸும் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் பசையாகிவிடுமாம். பென்சில் கரியைப் போன்ற கிராபைட் தூளும் கூடாதாம். உப்பு ஈரத்தில் அது அலுமினியத்தை அரிக்கத் துணை செய்யும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, தண்டவாளத்தைத் தூரிகையால் துடைத்து, உலரவிட்டு, பிறகு சிலிகோன் மருந்தைத் துவாரத்தில் பீச்சிச் சாவியைப் பத்துத் தடவை மெல்ல உள்ளும் புறமும் செலுத்த வேண்டும். அவ்வாறே செய்தோம். கால்மணி நேரத்தில் பூட்டு இளகியது. வருஷத்துக்கு இருமுறை இதைச் செய்தால் போதுமானது. பலவந்தம் மட்டும் கூடாது. சாவி முறிந்து துண்டு உள்ளே தங்கிவிட்டால் வேலை நாலு மடங்காகும்.

காணாமற்போன சாவிக்கும் வழியிருந்தது. பூட்டின் முகத்தில் சிறிய எழுத்தில் ஓர் எண் பொறித்திருந்தார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் கடையில் அதற்குரிய சாவியைக் கொடுக்கிறார்கள். எண் அரித்து மறையுமுன் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். நகல் எடுப்பதானால் மூலச் சாவியிலிருந்தே எடுக்க வேண்டும். நகலுக்கு நகல் எடுத்தால், கேட்டு எழுதிய பாடத்தைப் பார்த்து இன்னொரு மாணவன் எழுதியதுபோல், பிழைமேல் பிழை சேரும். எல்லா ஜன்னல்களுக்கும் ஒரே சாவி பொருந்தும்படி பூட்டுகளை அமைத்துக்கொள்வதும் உண்டு. இருட்டில், மின்சாரம் நின்றபின், பன்னிரண்டு சாவிகளைத் தடவும் அவஸ்தை அப்போது இல்லை.

பூட்டே கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய பூட்டைக் கழற்றி, அதன் நீளத்தையும் நாக்கின் வடிவத்தையும் ஒப்பிட்டு, அந்த ஷட்டருக்கென்றே செய்த பூட்டைப் பொருத்த வேண்டும். 'ஏறக்குறைய இதே மாதிரி' என்று அகப்பட்டதை மாட்டுவது ஆபத்து. பரீட்சையில் தேறியது முழு அமைப்பு, ஒவ்வோர் உறுப்பும் உட்பட.

இனி, முக்கியமான சங்கதி ஒன்று. வெளியே நிற்கும் காற்றைத் தடுக்கும் பூட்டு, உள்ளே இருக்கும் மனிதரையும் தடுக்கக்கூடும். புயலின்போது மின்சாரம் போய்விடுகிறது, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். தீப்பற்றினால் வாசல் வழி அடைபட்டுப் போகலாம். அப்போது ஜன்னல்தான் கதி. புகையில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க நேரமேது? மைத்துனர் வீட்டில் இரண்டு படுக்கையறைகளின் ஷட்டர்களுக்கு உட்புறமும் சாவிப் பூட்டே இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு, உள்ளிருந்து சாவியின்றியே கையால் திருகித் திறக்கும் பூட்டுகளை வைத்தோம். குழந்தைகளையும் கண்ணை மூடிக்கொண்டு திறக்கப் பழக்கினார். புயல் ஓய்ந்த பிறகும் சோம்பலால் ஷட்டர்களை மூடியே வைத்திருக்கும் வீடுகளுக்கு இதே அபாயம் உண்டு. காற்று நின்றதும் திறந்துவிட வேண்டும்.

அன்று மாலை மைத்துனர் சாவிகளுக்கெல்லாம் சிவப்பு நாடா கட்டி, வாசற்கதவுக்கு அருகில் ஓர் ஆணியில் மாட்டினார். "இதை எடுத்தவர் உடனே திரும்ப மாட்ட வேண்டும்" என்று எழுதியும் வைத்தார்.

நம் ஊரில் இத்தகைய ஷட்டர்கள் எல்லா வீடுகளுக்கும் கட்டுபடியாகாது. ஆனால் தாழ்ப்பாளைக் கழுவித் துடைப்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? ஊர் திரும்பியதும் முதற்காரியமாக அந்தத் தெற்கு ஜன்னலுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டோம். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறக்குமுன் வீட்டிலுள்ள கதவு, ஜன்னல் அனைத்தையும் ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பது இப்போது நம் இல்லத்தில் வழக்கமாகிவிட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால் குழந்தைகள், "இது பாஸ்!" என்று கூவுகிறார்கள்.